பாஸ்போல்ட்: சேவர் பாக்க ஆள் இருந்தா நல்ல சாமான்

கொழும்பில சின்ன அக்கவுண்டிங் ஒஃபிஸ் எதுக்குள்ள போனாலும் ஒரு எக்செல் ஷீட் இருக்கும், கிளையன்ட்மாரிண்ட ராமிஸ் (இன்லண்ட் ரெவனியூ டக்ஸ் சிஸ்டம்) லொகின், ஈபிஎஃப் லொகின், பேங்க் லொகின் எல்லாம் அதில வரிசையா கிடக்கும், அது வட்ஸ்அப் குரூப்பிலயும் சுத்தும், வேலையை விட்டுப் போனவையின்ட ஃபோனிலயும் இருக்கும். நான் ஐடி பாக்கிற வெள்ளவத்தை ஒஃபிஸிலயும் இதுதான் கதை. அதை நிப்பாட்டத்தான் பாஸ்போல்ட் போட்டனாங்கள், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வச்சு ஒஃபிஸ் ஆக்களுக்குள்ள ஷேர் பண்ணுற பாஸ்வேர்ட் மனேஜர் அது.

லக்ஸம்பேர்க் கொம்பனி ஒண்டு செய்யிற சாமான், ஓபன் சோர்ஸ், அதாவது கோட்டை ஆரும் பாக்கலாம், லைசன்ஸ் ஏஜிபிஎல். கம்யூனிட்டி எடிஷனை எங்கட சேவரிலயே போட்டா எத்தின பேரைச் சேர்த்தாலும் காசு இல்லை. ஆளுக்கு மாசம் இத்தின டொலர் எண்டிருந்தா எங்கட பொஸ் அந்தக் கதையையே எடுக்க விட்டிருக்க மாட்டார்.

எனக்குப் பிடிச்சது ஷேர் பண்ணுற விதம். ஒவ்வொருத்தருக்கும் தனி ஓபன்பிஜிபி கீ சோடி, பூட்ட ஒரு கீ, திறக்க ஒரு கீ, திறக்கிற பிரைவேட் கீ அவரவர் பிரவுசர் எக்ஸ்டென்ஷனுக்குள்ள இருக்கும், சேவருக்குப் போகாது. ஒரு பாஸ்வேர்டை மூண்டு பேருக்குக் குடுத்தா மூண்டு பேரிண்ட கீக்கும் தனித்தனியா பூட்டித்தான் சேவருக்குப் போகும், அதால டேட்டாபேஸை ஆராவது அள்ளிக்கொண்டு போனாலும் பாஸ்வேர்டை வாசிக்கேலாது. அட்மினா இருக்கிற எனக்கே ஷேர் பண்ணாதது தெரியாது. பொஸ்ஸுக்கு இதை விளங்கப்படுத்தத்தான் பெரிய பாடு, "நீர்தானே போட்டனீர், உமக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?" எண்டு கேட்டார். ஆனா ஒண்டு, பழைய வேர்ஷன்களில பூட்டு பாஸ்வேர்டுக்குத்தான், என்ட்ரியிண்ட பேர், யூசர்நேம், லிங்க் எல்லாம் சேவரில அப்பிடியே கிடக்கும், வேர்ஷன் 5 வந்தாப்பிறகுதான் அதையும் பூட்ட வழி வந்தது. கிளையன்ட் பேரே ரகசியம் எண்டிற ஆக்கள் இதைப் பாத்துப் போடுங்கோ.

இனி கரைச்சல் பக்கம். பாஸ்ஃப்ரேஸை (பிரைவேட் கீயைத் திறக்கிற பாஸ்வேர்டை) மறந்தாலோ, லப்டொப் பழுதாகி ரிகவரி கிட்டும் (பிரைவேட் கீ இருக்கிற ஃபைலும்) கையில இல்லாட்டியோ, கம்யூனிட்டி எடிஷனில அந்த அக்கவுண்டைத் திறக்க ஒருத்தராலயும் ஏலாது, அக்கவுண்ட் ரிகவரி எண்டது காசு கட்டுற எடிஷனிலதான். மற்ற ஆக்களுக்கும் ஷேர் பண்ணி வச்சது தப்பும், தனக்கு மட்டும் வச்சிருந்தது போனதுதான். அதால முதல் நாளே ஒவ்வொருத்தரையும் பக்கத்தில இருத்தி கிட்டை டவுன்லோட் பண்ண வச்சு பென் டிரைவில போட்டு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுங்கோ, "பிறகு செய்யிறன் அண்ணை" எண்டு சொல்லுற ஆளை விடவே வேண்டாம். பேக்கப் எடுக்கேக்க டேட்டாபேஸ் மட்டும் காணாது, சேவருக்கெண்டு இருக்கிற ஓபன்பிஜிபி (ஜிபிஜி) கீயளும் வேணும். மெயில் செட்டிங் சரியில்லாட்டி இன்வைட்டும் போகாது.

வேலையை விட்டுப் போறவரிண்ட அக்கவுண்டை அழிக்கேக்க, அவர் மட்டும் ஓனரா இருக்கிற ஷேர் பாஸ்வேர்டுகளை ஆருக்கு மாத்திறது எண்டு கேக்கும், அது நல்லம். ஆனா அவர் பாத்த பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும்தானே, அதுகளை அந்தந்த சைட்டில போய் நீங்கள்தான் மாத்தோணும்.

லினக்ஸ் தெரிஞ்ச ஆள் கைவசம் இருந்தா கண்ணை மூடிக்கொண்டு போடலாம். சேவர் பெலன் காணாது, பிட்வோர்டன் எண்ட மற்ற பாஸ்வேர்ட் மனேஜரிண்ட அப் ஏற்கனவே எல்லாற்ற ஃபோனிலயும் இருக்கெண்டா வோல்ட்வோர்டனைப் பாருங்கோ, அது பிட்வோர்டன் கொம்பனியிண்ட சொந்தச் சாமான் இல்லை, ஆனா அந்த அப்புகளோட வேலை செய்யும், ரேமும் கொஞ்சம்தான் தின்னும். சேவர் பக்கமே போக ஆளில்லாத இடமெண்டா ரெண்டும் சரிவராது, ஆராவது நடத்திற சேவிஸுக்குக் காசு கட்டுறதுதான் வழி.