கூடுதல் ரெஃபரன்ஸ்: தூக்கிவிடுவதா, சரிக்கட்டுவதா?

பாலக்கோட்டில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவரின் கோடைப் புரட்டினேன். ஒரு ஃபங்ஷன் உள்ளே நுழைந்ததும் பஃபரின் (கிராபிக்ஸ் தரவு வைக்கும் மெமரித் துண்டு) ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை, அதாவது அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கை, ஒன்று கூட்டுகிறது, முடியும்போது கழிக்கிறது. ஆனால் ஹேண்டில் என்ற அடையாள எண்ணை வைத்து அந்த பஃபரைத் தேடித் தந்த லுக்கப்பே ஏற்கெனவே ஒன்று கூட்டியாயிற்று. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரே கூடைக்கு இரண்டு சீட்டு போட்ட கதைதான். போதாததற்கு, பிழை வந்து பாதியில் திரும்பும் வழியில் கழித்தல் விட்டுப்போயிருந்தது. எண்ணிக்கை சுழியைத் தொட்டால்தான் மெமரி விடுபடும்; இங்கே தொடாது, மெமரி கசியும்.

விட்டுப்போன கழித்தலைச் சேர்ப்பது ஒரே வரி வேலை. லினக்ஸ் கெர்னலின் (மையப் பகுதி) பழைய பதிப்புகளுக்கும் சுலபமாகக் கொண்டுபோகலாம். நாளைக்கு யாராவது புதிதாக ஒரு ரிட்டர்ன் சேர்த்தால் அதே ஓட்டை மறுபடி திறக்கும், அவ்வளவுதான்.

இந்த ஃபங்ஷன் செய்யும் கூட்டல்-கழித்தல் ஜோடியையே தூக்குவதுதான் எனக்குப் பிடித்தது. வேகத்துக்காக இல்லை; ஓர் அட்டாமிக் (இடையில் குறுக்கிட முடியாத) கூட்டல் மிச்சமாவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. பஃபர் யார் பொறுப்பு என்பது தெளிவாகிறது. ஆனால் கை தவறினால் சேதம் பெரிது. ஜிபியூவுக்கு (கிராபிக்ஸ் சிப்) அனுப்பிய வேலை தனக்கென்று பிடித்திருக்கும் ரெஃபரன்ஸ், வேலை முடிந்ததென்று சொல்லும் ஃபென்ஸ் சிக்னல் வரும்வரை இருந்தே ஆகவேண்டும். அதையும் வீணென்று நீக்கினால் விடுவித்த மெமரியை ஜிபியூ தொடும். கசிவு அதைவிட எவ்வளவோ மேல்! சிபியூ பக்கத்துத் தவறென்றால் கேசான் (கெர்னலின் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்டு ஓட்டினால் சிக்கும்; ஜிபியூ நேரடியாகத் தொடுவது அதற்குத் தெரியாது.