கியோட்டோவில் கைசெகி விருந்து: கொடுத்த காசுக்குத் தகுமா?

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஜப்பானில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உறவினரும் பெருகிவிட்டார்கள். கியோட்டோவில், பல சிறு பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஜப்பானிய மரபு விருந்தான கைசெகிக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் சாப்பிட்டது ஜூலை மாதத்தில், கியோன் பகுதியின் சந்து ஒன்றில் இருக்கும் சிறிய உணவகத்தில். இரவு விருந்துக்கு ஒருவருக்கு 30,000 யென். சேவைக் கட்டணம் தனி.

இதில் காசுக்குத் தகுந்தவை இரண்டு: சூப்பும் சோறும்.

நாமாகத் தேர்ந்தெடுக்க அங்கே எதுவும் இல்லை. அந்தப் பருவத்தில் விளைவதையும் பிடிபடுவதையும் கொண்டு சமையல்காரர் வகுத்த வரிசைப்படி ஒவ்வொன்றாக வரும். ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் கடலும் மலையும் தந்தவற்றைச் சிறு சிறு துண்டுகளாக அடுக்கித் தரும் ‘ஹஸ்ஸுன்’ கண்ணுக்கு அழகாக இருந்தது; நாக்குக்கு அவ்வளவு இல்லை. பச்சை மீனும் அப்படித்தான்.

மூடியிட்ட அரக்குக் கிண்ணத்தில் வந்த சூப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் கிடந்தது ‘ஹமோ’. நாகப்பட்டினம் கடலில் கிடைக்கும் விலாங்கின் இனம். முள் அதிகம் என்று எங்கள் வீட்டில் வாங்கவே மாட்டார்கள். கியோட்டோக்காரர்களுக்கோ அது கோடைக்காலத்தின் தலையாய மீன்: தோல் அறுபடாமல், மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கீறல்கள் போட்டு முள்ளை நறுக்கிவிடுகிறார்கள், வெந்நீரில் இட்டதும் சதை வெள்ளைப் பூவாக விரிகிறது. சாறு ஹொக்கைடோவின் ‘கொம்பு’ என்ற கடற்பாசியிலும், நம் மாசிக் கருவாட்டைப் போலவே சூரை மீனைப் பதப்படுத்திச் சீவிய துருவலிலும் இறக்கியது. முதல் வாய்க்கு உப்புப் போதவில்லை என்று தோன்றும். கிண்ணம் காலியாகும்போது சரியாக இருக்கும்படி அளந்து போட்டிருக்கிறார்கள் என்பது கடைசி மிடறில் விளங்கியது.

சுட்ட மீனுக்கும் வேகவைத்த காய்கறிக்கும் இடையே காக்க வைத்தது நீளம். அதற்கு ஒரு விளக்கமும் இல்லை. நடுவே வந்த கொழுத்த மாட்டிறைச்சித் துண்டு வெளியூர்க்காரர்களுக்காகச் சேர்த்ததாகவே பட்டது. அதை எடுத்துவிட்டால் விருந்து இன்னும் மேம்படும்.

தேநீர்ச் சடங்கோடு பிறந்த பழைய கைசெகியில் சோறு தொடக்கத்திலேயே வந்துவிடும். உணவகங்களில் அது கடைசியில், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பும் ஊறுகாயும் துணையாக வருகிறது. மண்பானையை எங்கள் கண்ணெதிரே திறந்தார்கள். பாபநாசத்தில் நெல் விவசாயம் பார்க்கும் அத்தான் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “நம்ம வீட்டுல இப்படி ஒட்டுனா குழைஞ்சுபோச்சுன்னு தட்டைத் தள்ளியிருப்பேன்டா; இது வேற” என்றார். உண்மைதான்: ஒன்றோடொன்று ஒட்டியிருந்தும் ஒரு பருக்கைகூட உடையவில்லை, பளபளப்பும் போகவில்லை, குழம்பு இல்லாமலே இறங்கியது. இரண்டாம் முறை கேட்டபோது அடியில் பிடித்த காந்தலையும் சுரண்டி, உப்புத் தூவித் தனியாக வைத்தார்கள். காந்தலுக்குப் போட்டி போட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சைவர்களுக்கு இந்த விருந்து ஒத்துவராது. மீன் துண்டை விலக்கினாலும் சாறு எல்லாவற்றிலும் கலந்திருக்கும். முன்கூட்டியே கேட்டும், மாற்றித் தர இயலாது என்று சொல்லிவிட்டதால் அக்கா வரவில்லை. சைவர்கள் கியோட்டோவின் அரஷியாமா பகுதியில், தென்ர்யூஜி கோயில் வளாகத்தில் இருக்கும் ஷிகெட்சு உணவகத்துக்குப் போகலாம். அது பௌத்தத் துறவிகளின் மரபில் வந்த சைவச் சாப்பாடு, செலவும் இதைவிட மிகக் குறைவு. மீன் சாப்பிடுகிறவர்கள் இரவு விருந்துக்குப் பதிலாக மதிய விருந்துக்கு முன்பதிவு செய்வது நல்லது. பல இடங்களில் மதியத்துக்கு விலை வெகுவாகக் குறைகிறது. வரிசை சுருங்கினாலும் சூப்பும் சோறும் பொதுவாக விடுபடுவதில்லை.