3 அடி கடல்நீர்த் தொட்டிக்கு எந்த ஸ்கிம்மர்? வாங்குவதும் மாற்றி அமைப்பதும்

சென்னை மாதிரி ஊரில் கடல்மீன் வளர்ப்பவருக்கு புரோட்டீன் ஸ்கிம்மர் அழுக்கு எடுக்கும் கருவி மட்டும் இல்லை, தொட்டியின் மூச்சே பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கிறது. 25 டிகிரியில் இருக்கும் கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறைந்துவிடும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத வீட்டில் மே மாதம் தொட்டி 31, 32 வரை ஏறும். நீரில் ஆக்சிஜன் குறையும் அதே நேரத்தில் சூட்டால் மீனுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். அதனால் ஸ்கிம்மர்களை ஒப்பிடும்போது அதன் மேலிருக்கும் கழிவுக் கோப்பையில் எவ்வளவு கறுப்பாக நுரை சேர்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. கரண்ட் போய் வந்தாலும், நான் ஊரில் இல்லாவிட்டாலும், அது சீராகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்குமா? இதுதான் என் முதல் கேள்வி.

என்னுடையது 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 190 லிட்டர், கீழே ஒரு சிறிய சம்ப் (தொட்டி நீர் வழிந்து வந்து சேரும் துணைத் தொட்டி). ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு ராயல் கிராமா, இரண்டு கிளீனர் இறால். பாறை எல்லாம் செராமிக். (நம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்தைக்கூட எடுத்து வரக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.) மூன்று வகை ஸ்கிம்மர்களை இதே தொட்டியில் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன். கீழே வருவது அந்த அனுபவம்.

வேலை செய்யும் விதம் எல்லா வகைக்கும் ஒன்றுதான். மீன் கழிவிலும் மிச்சத் தீவனத்திலும் இருந்து கரையும் பொருட்களில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை தண்ணீரை விட்டு ஓடும். காற்றுக்குமிழி ஒன்று வந்தால் ஓடும் முனை அதில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே போய் நுரையாகி, கழுத்து வழியாகக் கோப்பையில் விழும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே கழிவு வெளியேறிவிடும். குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. உப்பு இருப்பதால்தான் இந்தச் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கின்றன. புது ஸ்கிம்மரை வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்துச் சோதித்துவிட்டு "இது நுரையே தரவில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல தண்ணீரில் எந்த ஸ்கிம்மரும் நுரை தராது.

மர ஏர்ஸ்டோன் ஸ்கிம்மர்

நான் தொடங்கியது இதில்தான். 3 இஞ்ச் பிவிசி குழாய், அடியில் மர ஏர்ஸ்டோன் (காற்றை நுண்குமிழிகளாக விடும் மரத்துண்டு), ஒரு நல்ல ஏர் பம்ப். தண்ணீர் மேலிருந்து கீழே வரும், குமிழி கீழிருந்து மேலே போகும். செலவு மிகக் குறைவு. மரக்கல்லின் நுண்துளைகளில் இருந்து வரும் குமிழி பால் மாதிரி வெள்ளையாக, அவ்வளவு மென்மையாக இருக்கும். இந்த அழகு மற்ற இரண்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சிக்கல் மரத்தில்தான். ஊறி ஊறித் துளைகள் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் குமிழி பெரிதாகும், நாலாவது வாரத்தில் நுரை கழுத்துக்கே ஏறாது. மாதம் ஒரு கல் மாற்ற வேண்டும். குழாயும் உயரமாக இருந்தால்தான் குமிழிக்கு நீரோடு போதுமான நேரம் கிடைக்கும், ஸ்டாண்டுக்குள் அந்த உயரம் அடங்காது. ஆனால் ஏர் பம்பை இன்வெர்ட்டரிலோ பேட்டரியிலோ சுலபமாக ஓட்டலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அதை இன்றும் தூக்கிப் போடவில்லை.

பின்னால் தொங்கும் வகை

சம்ப் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. கண்ணாடியின் பின்பக்கம் மாட்டிவிடலாம், தொட்டியில் துளை போட வேண்டாம். ஆனால் பயம் ஒன்று உண்டு. சம்புக்குள் இருக்கும் ஸ்கிம்மர் பொங்கினால் தண்ணீர் சம்புக்குள்ளேயே விழும். இது பொங்கினால் தரையில்தான் விழும். மீனுக்கு மருந்து போட்டாலோ, பாறை ஒட்டும் எபாக்சி பசையைத் தண்ணீருக்குள் வைத்தாலோ எந்த ஸ்கிம்மரும் ஒருநாள் பொங்கும். என் வீட்டில் நள்ளிரவில் பொங்கி, சுவிட்ச் போர்டு வரை உப்புநீர் போயிருந்தது. மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் இந்த வகையை வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள். சம்ப் வைக்கவே இடமில்லை என்றால், காந்தத்தால் தொட்டிக்குள்ளேயே கண்ணாடியில் ஒட்டி நிற்கும் வகையைப் பாருங்கள். ஜெர்மனியின் டுன்ஸே அப்படிச் செய்கிறது. கண்ணுக்கு உறுத்தும், ஆனால் தரை நனையாது.

சம்புக்குள் வைக்கும் நீடில் வீல்

பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் இறக்கைக்குப் பதில் ஊசி ஊசியாகப் பல்வரிசை இருக்கும். வென்சுரி (நீரோட்டத்தால் காற்றை உள்ளே இழுக்கும் குறுகலான வாய்) வழியாக வரும் காற்றை அது அடித்து நொறுக்கிப் பொடியாக்கும். இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை இந்த வகைதான். 3 அடித் தொட்டிக்கு நான் சொல்வதும் இதைத்தான். மரம் மாற்றும் வேலை இல்லை, பொங்கினாலும் சம்புக்குள், மின்சாரமும் குறைவு. டவுன்ட்ராஃப்ட், பெக்கெட் என்று பழைய வகைகளும் உண்டு. பெக்கெட் என்பது தோட்ட நீரூற்றுக்கான முனை, அதை ஸ்கிம்மருக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டுக்கும் பெரிய அழுத்தப் பம்ப் வேண்டும். நம் அளவுக்கு அது தேவையே இல்லை.

சரி, எந்த பிராண்ட்? இந்த இடத்தில் ஒரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரான கென் ஃபெல்ட்மேன் 2009-இல் பல ஸ்கிம்மர்களை வரிசையாக வைத்து, நீரில் கரைந்த மொத்தக் கரிமக் கார்பனில் எவ்வளவை எடுக்கின்றன என்று அளந்தார். கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். மிச்சத்தை எந்த ஸ்கிம்மராலும் தொட முடியவில்லை. வடிவம் வேறு, விலை வேறு என்றாலும் முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. இதைப் படித்த பிறகு நான் கோன் வடிவமா நேர் வடிவமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். கூடுதல் விலை கொடுத்தால் நமக்குக் கிடைப்பது நல்ல பம்ப், குறைந்த சத்தம், கெட்டியான அக்ரிலிக். அதற்குக் கொடுக்கலாம்.

வாங்கும்போது நான் கேட்பது இரண்டு கேள்வி. மாற்று இம்பெல்லர் இங்கே கிடைக்குமா? பம்ப் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸா? வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர் அன்போடு வாங்கி வந்த 60 ஹெர்ட்ஸ் பம்ப் இங்கே மெதுவாகச் சுற்றும், காற்றும் குறையும். அளவைப் பொறுத்தவரை, பெட்டியில் 500 லிட்டர் வரை என்று போட்டிருந்தால் அது மீன் குறைவாக உள்ள தொட்டிக்கு. நிறைய மீன் வைத்திருப்பவர் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒரேயடியாகப் பெரிதாகவும் வாங்காதீர்கள். நுரை நிற்பதற்கே நீரில் கொஞ்சம் கழிவு வேண்டும். அகலக் கழுத்து ஸ்கிம்மர் சிறிய தொட்டியில் ஒருநாள் பொங்கும், மூன்று நாள் சும்மா கிடக்கும்.

ஏசி பம்பா டிசி பம்பா என்பதில் என் ஓட்டு இன்னும் ஏசிக்குத்தான். டிசியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சத்தமும் குறைவு. ஆனால் கண்ட்ரோலர் பெட்டி ஸ்டாண்டுக்குள் உப்புக்காற்றில் உட்கார்ந்திருக்கும். கரண்ட் போய் வந்தபின் பழைய வேகத்திலேயே தொடங்குமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். கேட்டு வாங்குங்கள்.

மெஷ் வைத்தேன், கழற்றினேன்

மாற்றங்களில் மிகவும் பேர்போனது இது. நீடில் வீலின் ஊசிகளுக்குப் பதில், அல்லது ஊசிகளின் மேலேயே, பிளாஸ்டிக் நார் வலையை வட்டமாக வெட்டிக் கட்டுவது. காற்று கூடும், குமிழி சிறிதாகும் என்பார்கள். உண்மைதான். நானே அளந்து பார்த்தேன். மெல்லிய பிளாஸ்டிக் கவரில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி அளவைக் குறித்துக்கொண்டு, காலி செய்து துடைத்து, அதே அளவு காற்றை நிரப்பி வாயை ஸ்கிம்மரின் காற்றுக்குழாயோடு கட்டினேன். கவர் முழுதாகச் சுருங்க 60 விநாடி ஆனது. அப்படியென்றால் மணிக்கு 300 லிட்டர். அப்புறம் இம்பெல்லரைக் கழற்றி, வலையை மூன்று அடுக்காக வைத்து, தூண்டில் நரம்பால் ஊசிகளோடு சேர்த்துத் தைத்தேன். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்த வேலை. மறுபடி அளந்தால் 44 விநாடி. மணிக்கு 400 லிட்டருக்கு மேல்! ஸ்கிம்மரின் உடலுக்குள் தண்ணீரே தெரியவில்லை, முழுக்க வெள்ளை. அன்று எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய், பத்து நிமிடத்தில் வந்தது. சம்ப் நீரை மேலே தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் ஓடியது, ஸ்கிம்மர் ஓடவில்லை. வலையில் கால்சியம் படிந்து கனம் கூடி, ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பம்ப் கிர்ரென்று உறுமியதே தவிர இம்பெல்லரால் முதல் சுற்றைத் தாண்ட முடியவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது க்ளவுன் ஜோடி மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஏர் பம்பை மாட்டி, பாதி நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டன. அன்றே வலையைக் கழற்றிவிட்டேன். கரண்ட் போகாத ஊரில், வாரந்தோறும் பம்பைப் பிரித்துப் பார்ப்பவருக்கு மெஷ் நல்ல மாற்றமாக இருக்கலாம். இங்கே நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாரம் ஒருமுறை காற்றுக்குழாயின் நுனியை ஒரு டம்ளர் வெந்நீரில் கொஞ்ச நேரம் நனைத்து எடுங்கள். உள்ளே வென்சுரியில் காய்ந்த உப்பு கரைந்து, இழந்த காற்று திரும்ப வந்துவிடும். பம்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பிரஷ் போட்டால் மற்றதும் சரியாகும்.

வைத்து, வைத்தபடியே இருக்கும் மாற்றங்கள்

முதலாவது, ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர். கரண்ட் போனதும் தொட்டியின் மேல்மட்ட நீர் சம்புக்குள் இறங்கும். கரண்ட் வந்த நொடியில் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்திலேயே ஓடத் தொடங்கி, நுரைக்குப் பதில் தண்ணீரையே கோப்பையில் கொட்டும். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர்களில் கம்ப்ரஸருக்காக ஏறக்குறைய மூன்று நிமிடத் தாமதம் வைத்திருப்பார்கள். ஸ்கிம்மரை மட்டும் அதில் செருகினேன். மூன்று நிமிடத்துக்குள் ரிட்டர்ன் பம்ப் நீரை மேலே ஏற்றி, சம்ப் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். மாற்றம் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, வெளியேறும் குழாயில் கேட் வால்வ். ஸ்கிம்மரோடு கூடவே வரும் திருகுக் குழாயை மயிரிழை திருப்பினால்கூட மட்டம் ஒரு விரல் ஏறிவிடும். கேட் வால்வில் கால் சுற்று, அரைச் சுற்று என்று நிதானமாக ஏற்றலாம். நுரை காபி டிகாஷன் நிறத்தில் வேண்டுமா, வெளுத்த டீ நிறத்தில் வேண்டுமா என்று நாமே முடிவு செய்யலாம். ஆனால் ஹார்டுவேர் கடையில் கேட் வால்வ் கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் பித்தளைதான். பித்தளையில் செம்பு இருக்கிறது, இறாலுக்குச் செம்பு விஷம். பிளாஸ்டிக் கேட் வால்வ் கிடைக்கும்வரை காத்திருங்கள். ஒட்டியபின் பசையின் சால்வெண்ட் வாசனை முழுக்கப் போக ஒரு நாள் விடுங்கள்.

மூன்றாவது, காற்று எங்கிருந்து வருகிறது என்பது. மணிக்கு 300 லிட்டர் என்றால் நம் அறைக்காற்றைத்தான் அது தண்ணீரில் கரைத்துக்கொண்டிருக்கிறது. ஏசி போட்டுக் கதவைச் சாத்திய அறையில் கார்பன் டை ஆக்சைடு கூடி, தொட்டியின் பிஎச் இறங்கும். அதைவிடப் பயப்பட வேண்டியது கொசுவர்த்தியும், சுவரில் செருகும் கொசு மருந்தும். அவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. சிலிகான் குழாயை ஜன்னல் வழியாகப் பால்கனிக்குக் கொண்டுபோய், நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டியிருக்கிறேன். காலையில் 7.8 காட்டிய பிஎச் இப்போது 8.1-க்குப் பக்கத்தில் நிற்கிறது. கொசு ஒழிப்புப் புகை வண்டி தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டால் மட்டும் ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு, புகை கலைந்ததும் போடுவேன். வீட்டில் எல்லோருக்கும் அந்த சுவிட்சைக் காட்டி வைத்திருக்கிறேன்.

சம்பில் ஸ்கிம்மர் இருக்கும் அறையின் நீர்மட்டம் மாறாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான மாடல்கள் 18 முதல் 22 செ.மீ. ஆழம் கேட்கும். என் சம்பில் 26 இருந்தது. பிவிசி குழாய்த் துண்டுகளை 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, கீழே கால் மாதிரி வைத்துத் தூக்கிவிட்டேன், 21-க்கு வந்துவிட்டது. புது ஸ்கிம்மர் முதல் இரண்டு வாரம் தாறுமாறாகத்தான் நடந்துகொள்ளும். அக்ரிலிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போகும்வரை வால்வைத் திருகித் திருகிப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

அந்தப் பழைய மர ஏர்ஸ்டோன் ஸ்கிம்மர் இப்போது புது மீன்களைத் தனிமையில் வைக்கும் 40 லிட்டர் தொட்டியின் ஓரத்தில் நிற்கிறது. அதன் ஏர் பம்ப்பை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் போட்டு, ஒரு T வடிவ இணைப்பு வைத்து, இன்னொரு குழாயைப் பெரிய தொட்டிக்கும் இழுத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் இரண்டு தொட்டியிலும் குமிழி நிற்பதில்லை.