"யாராலும் திறக்க முடியாத" பூட்டு ஒன்றை எனக்கு விற்ற கதை

குப்பை போட வெளியே வந்தேன், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. ராத்திரி பத்தரை மணி. போனில் தேடி, முதலில் கிடைத்த எண்ணுக்குப் பேசினேன். சொன்ன கூலி மிகக் குறைவு. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வந்தவர் கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார், பையிலிருந்து ட்ரில்லை எடுத்தார். பத்து நிமிஷத்தில் சிலிண்டரில், அதாவது சாவி நுழையும் உருளையில், ஓட்டை. கதவு திறந்தது, பூட்டு செத்தது. "இனி இது உதவாது சார், புதுசுதான் போடணும்" என்றார். கையோடு ஒரு பூட்டும் கொண்டுவந்திருந்தார். இதை யாராலும் திறக்க முடியாது, இழுத்துச் சாத்தினாலே போதும், தானே பூட்டிக்கொள்ளும் என்று விளக்கம் வேறு. கடைசியில் நான் கொடுத்தது போனில் சொன்னதைப் போல ஐந்து மடங்கு.

அன்று என் கதவு பூட்டப்படவே இல்லை, சாத்தித்தான் இருந்தது. ஸ்பிரிங்கில் ஓடும் சாய்வான நாக்கு ஒன்று மட்டுமே அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்தவர் முதலில் அந்த நாக்கைத் தள்ளிப் பார்ப்பார், இல்லையென்றால் கம்பி போட்டுத் திறக்கப் பார்ப்பார். ட்ரில் கடைசி வழி. முதலிலேயே அதை எடுப்பவர் பூட்டு விற்க வந்தவர். இது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சொன்னவர் என் அத்தான், தச்சு வேலை செய்பவர். புதுப் பூட்டின் பெருமையை நான் அளந்துகொண்டிருந்தபோது, "வெளியே வா" என்று கதவை இழுத்துச் சாத்தினார். வளையும் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் நுழைத்தார். நான் சாவியை எடுப்பதற்குள் உள்ளே நின்றார்.

"சாவியைத் திருப்பிப் பூட்டியிருந்தா இது நடக்காது இல்லையா, அத்தான்?"

"பூட்டிக் காட்டு."

சாவி எப்போதும் முக்கால் சுற்றில் நின்றுவிடும். புதுசு, போகப் போக இளகிவிடும் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். அத்தான் கதவு நிலையில் இருந்த துளைக்குள் ஒரு குச்சியை விட்டு அளந்தார். சாவியைத் திருப்பினால் பூட்டிலிருந்து வெளியே வரும் உலோகக் கட்டை முழு நீளத்துக்கு நுழைய அங்கே ஆழமே இல்லை. கொஞ்சம் உளி பிடித்துக் குடைந்திருந்தால் முடிகிற வேலை. கட்டை முழுசாக வெளியே வந்தால்தான் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கும். பாதியில் நின்றால் பல பூட்டுகளில் அதைப் பின்னால் தள்ளிவிடலாம்.

அப்புறம் நிலையில் இருந்த தகட்டைக் கழற்றினார். இரண்டு ஸ்க்ரூ, சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கதவை உதைத்தால் பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை, இந்தத் தகடுதான் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டு நிலையின் உள்மரம் வரை இறக்குவதுதான் வழக்கமாம். இத்தனைக்கும் ஸ்க்ரூ விலை ஒன்றுமே இல்லை!

எனக்கு உண்மையில் பயம் வந்தது சிலிண்டரைக் காட்டியபோது. கதவின் முகத்தைத் தாண்டி விரல் கனத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது, அளவு தவறிய சிலிண்டர். இந்த வகையில் நடுவே ஒரு ஸ்க்ரூ குறுக்கே போகும். அந்த இடத்தில் உலோகம் மெலிசு. வெளியே பிடி கிடைத்தால் அங்கேதான் முறியும், சத்தமும் அதிகம் வராது. 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டவே கூடாது என்பார்கள். நல்ல சிலிண்டரில் வெளிப்பக்கம் வேண்டுமென்றே ஒரு வெட்டு இருக்கும். அந்தத் துண்டு மட்டும் முறிந்து, மீதி கதவைக் காக்கும். என்னுடையதில் அது இல்லை.

"யாராலும் திறக்க முடியாது" என்பது பழைய வியாபாரம். லண்டனில் பிராமா என்ற பூட்டு நிறுவனம் திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று அறிவித்து, ஒரு பூட்டைக் கடைச் சன்னலில் பல வருஷங்கள் வைத்திருந்தது. 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்துவிட்டார். அதற்கே அந்தக் கதி. எனக்கு வந்தது, உள்ளே ஐந்து வரிசைப் பின்னும் (சின்ன உலோகக் குச்சிகள்) ஐந்து ஸ்பிரிங்கும் கொண்ட சாதாரணப் பூட்டு. அந்த அமைப்புக்கு 1861இலேயே லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிவிட்டார். பின்களைத் தட்டிக் குதிக்கவைத்துத் திறக்கும் வித்தை தெரிந்தவர்களுக்கு அது விளையாட்டு.

கிளம்பும்போது அத்தான் பூட்டு வந்த காலி அட்டைப் பெட்டியைப் புரட்டினார். "அஞ்சு சாவின்னு போட்டிருக்கே, எத்தனை கொடுத்தான்?"

மூன்று.

மறுநாளே சிலிண்டரை மாற்றினோம், அளந்து வாங்கியது. பாக்கெட்டை என் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, சாவிகளை எண்ணி வாங்கினேன். தகடு, துளை எல்லாம் அத்தான் கைவேலை. இப்போது சாவி முழுச் சுற்றுப் போகிறது.

அந்த ஆளை ஒருமுறை போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பயமா இருந்தா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கோங்க சார்" என்றார். வீட்டில் ஆள் இல்லாதபோது யார் போடுவது என்று கேட்டேன். இணைப்பு போய்விட்டது.