சட்டைப் பைக்குள் துப்பாக்கி: சக்கர விசையா, சிக்கிமுக்கியா?

எரியும் திரியால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய திரித் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முடியாது. புகையும் திரியே காட்டிக் கொடுத்துவிடும். ஐரோப்பாவில் அந்தத் திரிக்கு வேலையில்லாமல் செய்த பற்றவைப்பு விசைகள் இரண்டு: 16ஆம் நூற்றாண்டின் சக்கர விசை, பின்னால் வந்த சிக்கிமுக்கி விசை.

சக்கர விசையைச் சாவியால் முறுக்கி வைக்க வேண்டும். சுண்டியதும் எஃகுச் சக்கரம் சுழன்று பைரைட் என்ற கனிமக் கல்லில் உரசும், பொறி பறக்கும். ஏறக்குறைய கடிகார வேலை. விலையும் அப்படித்தான். ஐந்தாம் சார்லஸ் பேரரசருக்கு 1540களில் இரட்டைக் குழல் கைத்துப்பாக்கி செய்துகொடுத்த மியூனிக்கின் பீட்டர் பெக், கடிகாரமும் செய்தவர். இத்தனைக்கும், இந்த விசைக்கு 1517-18இலேயே தடை போட்டவர் சார்லஸின் தாத்தா மாக்சிமிலியன்!

மறைத்து எடுத்துவந்து சுடுவார்கள் என்ற தாத்தாவின் பயம் வீண்பயமல்ல. இங்கிலாந்தில் 1541ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கெஜத்துக்குக் குறைவான கைத்துப்பாக்கியே கூடாது என்றது. 1579இல் எலிசபெத் அரசி சட்டைப்பைத் துப்பாக்கிகளுக்கு எதிராகத் தனி ஆணையே பிறப்பித்தார். ஐந்தே ஆண்டுகளில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தைச் சுட்டுக் கொன்றான் பால்தசார் ஜெரார். இளவரசர் இரக்கப்பட்டுக் கொடுத்த பணத்தில்தான் துப்பாக்கி வாங்கினான் என்கிறார்கள். சுவரில் குண்டு பட்ட தடம் இன்றும் இருக்கிறது.

சிக்கிமுக்கி விசையில் உறுப்புகள் குறைவு, சாவியும் வேண்டாம். குதிரை என்ற சுத்தி போன்ற உறுப்பு கவ்விய சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் மோதினால் போதும், பொறி பறக்கும். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பரவிய 'குயீன் ஆன்' வகையில் குழலையே திருகிக் கழற்றி, வெடிமருந்தையும் குண்டையும் பின்பக்கமாக வைத்து மூடுவார்கள். குண்டு குழலைவிடச் சற்றே பெரியது. பைக்குள் எப்படிக் குலுங்கினாலும் உருண்டு விழாது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான். பிடியின் அடியில் வெள்ளியில் ஒரு கோர முகம் வேறு!

இதை வணிகரும் வைத்திருந்தார், வழிப்பறிக்காரனும் வைத்திருந்தான். 1749இல் ஹைட் பார்க்கில் எழுத்தாளர் ஹோரஸ் வால்போலை மறித்த வழிப்பறிக்காரன் ஜேம்ஸ் மெக்லெயினின் துப்பாக்கி தவறி வெடித்து, அவர் கண்ணுக்குக் கீழே உரசிச் சென்றது. மறு ஆண்டே மெக்லெயினைத் தூக்கிலிட்டார்கள்.

அழகுக்குச் சக்கர விசைதான். அதில் போட்டியே இல்லை. அந்தக் காலத்துச் சாதாரண மனிதர் எதற்குப் பயந்தார், எதை நம்பி வண்டியேறினார் என்று அறிய விரும்பினால் நான் சிக்கிமுக்கியைத்தான் கையில் எடுப்பேன். ஒரே குண்டு, குறி தவறினால் மறுபடி குழலைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படியும் வாங்கினார்கள்.