கடைசி 600 மீட்டரா, மொத்த நேரமா? குதிரையை எந்தக் கடிகாரத்தால் அளப்பது

ஒரே குதிரை, ஒரே பந்தயம், ஒரே மைதானம், ஒரே 2000 மீட்டர். டோக்கியோவில் நடக்கும் இலையுதிர்கால டென்னோ ஷோ பந்தயத்தை ஈக்வினாக்ஸ் என்ற குதிரை அடுத்தடுத்து இரண்டு வருடம் ஜெயித்தது. 2022இல் எடுத்த நேரம் 1 நிமிடம் 57.5 நொடி, அதில் கடைசி 600 மீட்டருக்கு 32.7 நொடி. 2023இல் 1 நிமிடம் 55.2 நொடி, கடைசி 600 மீட்டருக்கு 34.2 நொடி. கடைசிப் பகுதியை மட்டும் பார்ப்பவர் முதல் வெற்றிதான் பெரிது என்பார். மொத்த நேரத்தைப் பார்ப்பவர் இரண்டாவதைத்தான் சொல்வார். ஜப்பானின் 2000 மீட்டர் சாதனையாகவே அது பதிவானது. இருவரும் நம்புவது கடிகாரத்தைத்தான். பணம் கட்டும்போது யார் பேச்சைக் கேட்பது?

முதலில் மொத்த நேரம். இது எல்லா ஊரிலும் எல்லாப் பந்தயத்துக்கும் கிடைக்கும். அதே நாளில் ஓடிய மற்ற பந்தயங்களோடு ஒப்பிட்டால் தரை வேகமாக இருந்ததா, மந்தமாக இருந்ததா என்பதையும் ஓரளவு கழித்துவிடலாம். அப்படித் திருத்திய பிறகும் ஒரு குதிரையின் நேரம் நன்றாக இருந்தால், அதனிடம் சரக்கு இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் பொருந்தாது. நேரம் மோசம் என்பதால் குதிரையும் மோசம் ஆகிவிடாது. முன்னால் ஓடியவை மெதுவாகப் போயிருந்தால், பின்னால் கட்டுப்பட்டு வந்த நல்ல குதிரையால் நல்ல நேரம் போடவே முடியாது. இந்த இடத்தில்தான் மொத்த நேரம் கைவிடுகிறது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் செக்‌ஷனல், அதாவது பகுதி நேரம். ஜப்பானில் ஒவ்வொரு குதிரைக்கும் கடைசி 600 மீட்டர் நேரத்தை வெளியிடுகிறார்கள். ஹாங்காங்கில் ஒவ்வொரு குதிரையின் ஓட்டத்தையும் பகுதி பகுதியாகவே பார்க்கலாம். ஆக, மிக எளிதான வழி கடைசி 600ஐ யார் வேகமாக ஓடியது என்று வரிசைப்படுத்துவது. நிறையப் பேர் செய்வதும் இதைத்தான். என் கணக்கில் மூன்று வழிகளில் மிக மோசமானதும் இதுதான். மெதுவாகத் தொடங்கிய பந்தயத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குதிரையும் கடைசியில் பறக்கும். அது மிச்சம் வைத்த பலம். அதை வைத்துத் திறமையை அளக்க முடியாது.

2022 டென்னோ ஷோவையே எடுத்துக்கொள்வோம். பாந்தலாஸ்ஸா என்ற குதிரை முதல் 1000 மீட்டரை 57.4 நொடியில் ஓடி, கூட்டத்தை விட்டு எங்கோ முன்னால் போய்விட்டது. கடைசி 600க்கு அது எடுத்தது 36.8 நொடி. ஈக்வினாக்ஸைவிட 4 நொடிக்கு மேல் அதிகம். அந்த எண்ணை மட்டும் பார்த்தால், களைத்துப்போன குதிரை என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால் அது தோற்றது ஒரே ஒரு லெங்த்தில், அதாவது ஒரு குதிரையின் உடல் நீளத்தில், மொத்த நேரத்தில் 0.1 நொடி வித்தியாசத்தில்!

இனி மூன்றாவது வழி, எனக்குப் பிடித்த வழி. கடைசிப் பகுதியின் வேகத்தை முழுப் பந்தயத்தின் சராசரி வேகத்தால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். ஈக்வினாக்ஸுக்கு 2022இல் 107.8 சதவீதம் வருகிறது. பாந்தலாஸ்ஸாவுக்கு 95.9. 2023இல் ஈக்வினாக்ஸுக்கு 101. 100 என்றால் கடைசிப் பகுதியையும் சராசரி வேகத்திலேயே ஓடியது என்று பொருள்.

இந்த எண் தனியாக நின்றால் பயன் இல்லை. அந்த மைதானத்தில், அந்தத் தூரத்தில், நல்ல நேரம் போட்ட வெற்றிகளில் வழக்கமாக எத்தனை சதவீதம் வருகிறது என்று ஒரு இயல்பு அளவு வேண்டும். கடைசியில் மேடு இருந்தால் அது குறையும், இறக்கம் இருந்தால் கூடும். மண் தரையில் ஓடும் குறுந்தூரப் பந்தயங்களில் தொடக்கத்திலேயே பாய்வதால் 100க்குக் கீழே இருப்பதுதான் சாதாரணம். இயல்பு அளவிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் குதிரை தன் பலத்தைச் சரியாகப் பங்கிடவில்லை என்று அர்த்தம். வேகம் கூடக்கூடச் செலவாகும் சக்தி அதைவிட விரைவாகக் கூடுகிறது. அதனால் முன்பகுதியில் மிகையாகச் செலவழித்தாலும் நஷ்டம், கடைசிவரை சேர்த்து வைத்தாலும் நஷ்டம்.

அப்படிப் பார்த்தால் 2022இல் முதலும் இரண்டாவதும் வந்த இரண்டுமே, முடிவு காட்டியதைவிடப் பெரிய குதிரைகள். ஒன்று மிகையாகச் செலவழித்தது, மற்றது மிகையாகச் சேமித்தது. பாந்தலாஸ்ஸா நடுவில் ஹாங்காங்கில் தோற்றாலும், 2023 பிப்ரவரியில் சவுதி கோப்பையைத் தொடக்கம் முதல் முன்னிலையிலேயே ஓடி வென்றது. பின்னாலிருந்து பாயும் குதிரை என்று பெயர் வாங்கிய ஈக்வினாக்ஸ், அடுத்த மாதமே துபாய் சீமா கிளாசிக்கில் முதலிலிருந்து கடைசிவரை தானே முன்னால் ஓடி, மைதானச் சாதனையோடு ஜெயித்தது.

ஆனால் சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதும் தப்பு. அமெரிக்கக் குதிரை செக்ரட்டேரியட் 1973 கென்டக்கி டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட வேகமாக ஓடியது, 25.2 நொடியில் தொடங்கி 23இல் முடிந்தது. அதே வருடம் பெல்மான்ட் பந்தயத்தில் நேர்மாறு. முதல் அரை மைலை 46.2 நொடியில் கடந்து, கடைசிக் கால் மைலுக்கு 25 நொடி எடுத்தது. டெர்பிக்குச் சதவீதம் ஏறக்குறைய 104, பெல்மான்ட்டுக்கு 96. அந்த 96 சதவீத ஓட்டத்தில்தான் 31 லெங்த் வித்தியாசத்தில், 2 நிமிடம் 24 நொடியில் ஜெயித்தது. ஆக, சதவீதம் ஒரு திருத்தம் மட்டுமே. மொத்த நேரத்தை முதலில் எழுதி, பங்கீடு கோணலாக இருந்த அளவுக்கு அதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். வரிசை மாறினால் கணக்கு கெட்டுவிடும்.

அளவீட்டுப் பிழையையும் மறக்கக் கூடாது. 600 மீட்டருக்கு 35 நொடி என்றால் 0.2 நொடிப் பிழை அரை சதவீதத்துக்குச் சற்று மேல். அதே பிழை 11.5 நொடியில் ஓடிய 200 மீட்டரில் கிட்டத்தட்ட 1.7 சதவீதம். அதனால் கையால் எடுத்த நேரமென்றால் 200 மீட்டர் துண்டுகளை நான் தொடுவதே இல்லை. சில இடங்களில் முன்னால் ஓடும் குதிரையின் பகுதி நேரம் மட்டுமே கிடைக்கும். மற்றவற்றுக்கு ஒரு லெங்த்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி என்று வைத்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும். அப்போது இன்னும் நிதானம் தேவை.

அப்புறம், வளைவு. அரைவட்ட வளைவு முழுக்க உட்புற வேலியிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஓடிய குதிரை சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். சாதாரணப் பகுதி நேரம் இதைச் சொல்லாது. எதிரே ஆள் மறித்து ஜாக்கி கடிவாளத்தை இழுக்க நேர்ந்ததையும் சொல்லாது. வீடியோ பார்ப்பவர்களைக் கடிகாரக்காரர்கள் ஏளனமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எண் விசித்திரமாக இருக்கும்போது காரணத்தைக் காட்டுவது அந்தக் காட்சிதான்.

பந்தயத்தைப் பொறுத்தும் தேர்வு மாறும். மண் தரையில் 1000, 1200 மீட்டர் என்றால் எனக்கு மொத்த நேரமே பெரும்பாலும் போதும். யாரும் அங்கே நிதானமாக ஓடுவதில்லை. புல் தரையில் 2000 மீட்டருக்கு மேல் போனால் செக்‌ஷனல் இல்லாமல் பந்தயம் கட்ட எனக்கு மனம் வராது.

சரி, விலைக்கு வருவோம். கடைசி 600 மீட்டரில் முதலிடம் பிடித்த குதிரை எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். அதன் ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் கிடைக்கும் பண விகிதம், முன்பே குறைந்திருக்கும். மிகையான வேகத்தில் முன்னால் ஓடி, கடைசியில் தளர்ந்து நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்த குதிரையைத்தான் நான் தேடுகிறேன். ஆனால் கட்டுவதற்கு முன் அடுத்த பந்தயத்தில் வேறு யார் யார் முன்னால் போகப் பார்ப்பார்கள் என்று எண்ணிவிடுவேன். அப்படி இன்னும் இரண்டு பேர் இருந்தால் என் குதிரை மறுபடியும் அதே 95 சதவீத ஓட்டத்தைத்தான் ஓடும். அன்றைக்கு அதை விட்டுவிட்டு, அது தனியாக முன்னால் போகக்கூடிய பந்தயம் வரும்வரை காத்திருப்பேன்.