ஒரு ஜிகா வரும் என்றார்கள்: உரிமம் பெற்ற மைக்ரோவேவ் இணைப்பில் நான் ஏமாந்த கதை

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிப் பக்கத்து மலைச்சரிவு ஒன்றுக்கு ஒரு மைக்ரோவேவ் இணைப்பு (கேபிள் இல்லாமல், கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு ரேடியோ அலையில் தரவு அனுப்புவது) போட்டோம். நேர்கோட்டில் 14 கிலோமீட்டர். அதில் பணமும் ஒரு வருட நிம்மதியும் போயின. விற்றவரின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. ஆனால் எப்படி விற்றார்கள் என்பதை எழுதத் தடையில்லை.

நான் கேபிள் டிவியிலிருந்து இணையச் சேவைக்கு வந்தவன். மலைக்கு ஃபைபர் இருக்கிறது. ஆனால் சாலை அகலப்படுத்தினால் அறுபடும், மண் சரிந்தால் அறுபடும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த யாரும் அந்தச் சாலையோரக் கேபிளை மட்டும் நம்பித் தொழில் செய்ய மாட்டார்கள். உரிமம் தேவைப்படாத 5.8 கிகாஹெர்ட்ஸில் சில காலம் ஓட்டினோம். எல்லோரும் அதிலேயே வந்து குவிந்ததால் இரைச்சல் தாங்க முடியவில்லை. அதனால்தான் அலைவரிசை ஒதுக்கும் மத்திய அரசின் டபிள்யூபிசி அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, கோபுரம் நிற்கும் இடத்துக்கான சாக்ஃபா அனுமதி வாங்கி, 15 கிகாஹெர்ட்ஸில் 28 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை ஜோடியை (போக ஒன்று, வர ஒன்று) பெற்றோம். அந்த அலைச்சல் தனிக் கதை.

விலைப்பட்டியலில் கொட்டை எழுத்தில் இருந்தது "1 ஜிகாபிட்". கையெழுத்துப் போடும்போது அதைத்தான் பார்த்தேன். நம்மிடம் இருப்பது 28 மெகாஹெர்ட்ஸ். அதில் 256 க்யூஏஎம் (அலையில் தரவை நெருக்கமாக ஏற்றும் ஒரு பண்பேற்ற முறை) ஓடினால் ஒரு திசைக்குச் சுமார் 180 மெகாபிட் கிடைக்கும். ஒரு ஜிகா வேண்டுமென்றால் இதைப்போலப் பல மடங்கு அகலம் வேண்டும். அந்தப் பெட்டி வேறு யாருக்கோ, வேறு ஏதோ அகலத்தில், ஒரு ஜிகா தரும் என்பது உண்மைதான். எனக்குத் தராது என்பது விற்றவருக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது.

அடுத்தது ஆண்டெனா. முதல் பட்டியலில் 1.2 மீட்டர் என்றிருந்தது. முன்பணம் கொடுத்த பிறகு, "0.6 மீட்டரே போதும் சார், காற்று பிடிக்காது, கோபுரத்துக்குப் பாரம் குறைவு" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெரிய ஆண்டெனாத் தட்டு அனுப்பும் அலைக்கற்றையின் அகலம் ஒரு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆடும் கோபுரத்தில் அது தொல்லையே. ஆனால் ஒரு முனைக்கு ஐந்தரை, இரண்டு முனைக்கும் சேர்த்துப் 11 டெசிபல் சிக்னல் குறையும் (10 டெசிபல் குறைந்தாலே பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்) என்பதை அவர் சொல்லவில்லை. விலையையும் குறைக்கவில்லை.

நிறுவ வந்த பையன்கள் மதியம் ஏறி மாலையில் இறங்கினார்கள். ரேடியோவின் பின்பக்கம் மல்டிமீட்டரைச் செருகி வோல்டேஜ் பார்ப்பார்கள். அது ஏறினால் சிக்னல் ஏறுகிறது என்று பொருள். ஏறியது, முறுக்கினார்கள், முடித்தார்கள். திரையில் மைனஸ் 66 டிபிஎம். வந்து சேரும் சிக்னலின் அளவு அது, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. "மலைக்கு இவ்வளவுதான் அண்ணா வரும், பனி இருக்கிறது அல்லவா" என்றான் ஒருவன். இணைப்பு ஓடியது. பூசணிக்காய் உடைத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவத்தில் சிக்னல் அளவு எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

பகலில் பிரச்சினை இல்லை. மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பிக்கும். சிக்னல் குறைந்தால் ரேடியோ தானாகவே பண்பேற்றத்தைக் கீழே இறக்கி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். நல்ல வசதிதான், ஆனால் கோளாறையும் அதுவே மறைத்துவிடுகிறது. இணைப்பு அறுந்தால் அன்றே சண்டை போட்டிருப்பேன். 180 வர வேண்டிய இடத்தில் 80, 90 என்று ஓடிக்கொண்டிருந்ததால், நான் சுவிட்சையும் ரவுட்டரையும் மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு ரவுட்டர் வீண்.

எங்கள் தெருவில் தொலைத்தொடர்பில் மைக்ரோவேவ் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பியபோது ஒரே கேள்வி கேட்டார்: "கணக்குப்படி எவ்வளவு தம்பி வர வேண்டும்?" என்னிடம் பதில் இல்லை. மருந்துச் சீட்டின் பின்புறத்திலேயே போட்டார். ரேடியோ அனுப்புவது 20 டிபிஎம். தட்டு ஒவ்வொன்றும் 37 டெசிபல் கூட்டும். 15 கிகாஹெர்ட்ஸில் 14 கிலோமீட்டர் வெட்டவெளி 139 டெசிபலைத் தின்னும். கூட்டிக் கழித்தால் மைனஸ் 45. எங்களுக்கு வந்துகொண்டிருந்தது 66.

"21 டெசிபல் பனியில் போகாது. பக்கக் கற்றையில் பிடித்து முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார்.

தட்டின் நடுக்கற்றைக்கு இருபுறமும் சிறிய கற்றைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் பிடித்தாலும் வோல்டேஜ் ஏறி இறங்கும். உச்சி கிடைத்துவிட்டது போலவே தோன்றும். மறுநாள் வேறு ஆளை ஏற்றினோம். பெரியவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் திருப்பு, உச்சி வந்துவிட்டது என்று நிறுத்தாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மலை முனையில் மூன்று உச்சிகள் வந்தன. நடுவில் இருந்ததுதான் உயரமானது. அதில் நிறுத்தியதும் மைனஸ் 46. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

ஏறியவன் இன்னொன்றையும் பார்த்துச் சொன்னான். உரிமத்தில் செங்குத்து முனைவாக்கம், அதாவது அலை மேலும் கீழுமாக அதிர வேண்டும். இரு முனையிலும் பொருத்தியிருந்தது கிடை. இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் இணைப்பு ஓடியிருக்கிறது. இது உரிம விதிமீறல். அதோடு மழையிலும் நட்டம்: மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும்போது 15 கிகாஹெர்ட்ஸில் கிடை அலை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 டெசிபல் இழக்கும், செங்குத்து 6. திருப்பிப் போட்டோம்.

ஐப்பசியில் மழை வந்தது. 256 க்யூஏஎம் நிற்க எங்கள் ரேடியோவுக்கு மைனஸ் 67 வேண்டும். அப்படியானால் கையிருப்பு 21 டெசிபல். பாதையில் ஒரு நாலு கிலோமீட்டரில் மட்டும் அடைமழை பிடித்தாலே 24 போய்விடும். போனது. முதல் பட்டியலில் இருந்த 1.2 மீட்டர் தட்டுகளே வந்திருந்தால் அந்தக் கூடுதல் 11 டெசிபலில் அந்த மழையைத் தாண்டியிருப்போம். 7 கிகாஹெர்ட்ஸாக இருந்தால் அதே மழை கிலோமீட்டருக்கு இரண்டு டெசிபலுக்கும் குறைவாகத்தான் தின்றிருக்கும். அலைவரிசைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் கணக்கை யாராவது போட்டிருக்க வேண்டும். போடுவதாகச் சொல்லி "பாதை ஆய்வுக் கட்டணம்" என்று வாங்கியவர் அனுப்பிய அறிக்கை, செயற்கைக்கோள் படத்தில் ஒரு சிவப்புக் கோடு. மழை என்ற சொல்லே அதில் இல்லை.

அந்த மழையோடு வந்த இடியில் மலை முனை ரேடியோ போனது. பதறவில்லை, உபரி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பிரித்து ஏற்றினால் இணைப்பு வரவில்லை. இந்த ரேடியோக்கள் ஜோடியாகத்தான் வேலை செய்யும்: ஒரு முனை கீழ் அலைவரிசையில் அனுப்பி மேலதில் கேட்கும், எதிர்முனை அதற்கு நேர்மாறு. பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி இதைத் தீர்மானிக்கிறது, மென்பொருளில் மாற்ற முடியாது. எனக்கு விற்ற உபரி, சமவெளி முனைக்கு உரியது. மலைக்குப் பயன்படவே படாது. "இரண்டுக்கும் பொது சார்" என்று சொல்லித்தான் விற்றார். வெளியுறையைப் பிரித்துப் பார்த்தபோது திருகுகளில் பழைய சுரண்டல், வரிசை எண் சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டின் பசை. புதியது என்றுதான் பில்.

வேகத்துக்கான மென்பொருள் உரிமத்திலும் கை வைத்திருந்தார்கள். எங்களுக்குப் போட்டிருந்தது சோதனைச் சாவி. அது முடிந்த இரவில் இணைப்பு 50 மெகாபிட்டுக்கு விழுந்தது. நிரந்தரச் சாவிக்குத் தனிப் பணம் கேட்டார்கள். சாவி வரிசை எண்ணோடு கட்டப்பட்டது. வேறு எங்கும் வாங்க முடியாது. கொடுத்தேன்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டேன். வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்று சட்டம் கொள்வதில்லை, சிவில் வழக்குதான் வழி என்றார் வழக்கறிஞர். நோட்டீஸ் போயிருக்கிறது. பதிலில், "வாடிக்கையாளர் திருப்தியுடன் கையெழுத்திட்டார்" என்று அந்தப் படிவத்தின் நகலை இணைத்திருக்கிறார்கள்.

சமவெளி முனையில் மட்டும் இப்போது 1.2 மீட்டர் தட்டு போட்டிருக்கிறேன். அந்தக் கோபுரம் தாங்கும். மைனஸ் 40 வருகிறது. அடுத்த இணைப்புக்கு வேறொருவரிடம் விலை கேட்டபோது, என் அலைவரிசை, என் 28 மெகாஹெர்ட்ஸ், ஆண்டெனாவின் மாதிரி எண், முனைவாக்கம், மழைக்கான கையிருப்பு, வர வேண்டிய சிக்னல் இவை எல்லாம் எழுதிய தாள் வந்தால்தான் முன்பணம் என்றேன். அளவு மூன்று டெசிபலுக்கு மேல் தள்ளி நின்றால் கடைசித் தவணை கிடையாது என்றும் எழுதச் சொன்னேன். மூன்று பேரிடம் கேட்டதில் ஒருவர்தான் அந்தத் தாளை அனுப்பினார். அதைப் பெரியவரிடம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி மாற்றக் கோயம்புத்தூர் போயிருக்கிறார், வந்ததும் பார்ப்பதாகச் சொன்னார்.